ஒரு பத் எண்ணெய்

முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தராசு, எடைக்கல், லிட்டர் அளவை, பெட்ரோல் பங்கு, லாரி எடைமேடை எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை குத்துவது எங்கள் வேலை. கடைக்காரர்கள் "தராசு ஆபீசர்" என்பார்கள். இப்போது விண்ணப்பம், சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கூட்டம் வைத்து, என்னையும் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது? பெட்ரோல் பங்கா, எடைமேடையா?"

"கடலை எண்ணெய்" என்றேன். சிரித்தார்கள். நேரம் ஆகிவிட்டதால் அங்கே முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படிப்பு முடித்து, தேர்வு எழுதி, வடக்கே நாலு மாதம் பயிற்சிக்குப் போய் வந்தேன். அங்கே கற்றதைவிட இங்கே ஜாபர் சாரிடம் கற்றதுதான் அதிகம். என் மேலதிகாரி. தர்மபுரிக்காரர். அவருடைய அப்பா தகரத்தில் புனல், எண்ணெய் டின், மண்ணெண்ணெய் அளவை செய்து விற்றவர். ஜாபர் சார் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது பேச்சில் "சுமாரா" என்று சொல்லிவிட்டால் மட்டும் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிடுவார். அந்தச் சொல்லை அவர்கள் திருத்திச் சொல்லும்வரை பேனா திறக்காது. எந்தக் கேஸ் போனாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "எதோட ஒப்பிட்டீங்க?"

சேர்ந்த வருஷமே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பொம்மிடியில் பால் சேகரிக்கும் ஒரு அம்மாவின் லிட்டர் அளவையைச் சோதித்தேன். காலையில் பால் ஊற்ற வந்த கூட்டம் சுற்றி நின்றது. அவசரத்தில் நின்றபடியே மேலிருந்து எட்டிப் பார்த்து, "அளவு தப்பு, இது செல்லாது" என்று சொல்லி அளவையைக் கைப்பற்றி வந்துவிட்டேன். ஆபீசில் ஜாபர் சார் அதை மறுபடி சோதித்தார். மேசைமேல் வைத்து, சரிபார்க்கவென்றே ஆபீசில் வைத்திருக்கும் ஒப்பு அளவையிலிருந்து நீரை ஊற்றி, முட்டி மடக்கிக் குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்குச் சமமாகக் கொண்டுவந்து பார்த்தார். சொட்டுக்கூடக் குறையவில்லை.

"போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

மத்தியானமே பஸ் ஏறினேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா அளவையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "காத்தால அத்தன சனம் முன்னால தப்புன்னீங்க. இப்ப யாருமில்லாதப்ப வந்து சரின்னா எப்படிங்க? நாளைக்கு பால் ஊத்தற நேரத்துக்கு வாங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் முன்னால் என் வாயால் சொன்னேன். அன்றிலிருந்து நான் எந்த அளவையையும் குனியாமல் பார்த்ததில்லை.

பிறகு பல வருஷம் சந்தை சந்தையாக ஓடிக் கழிந்தது. சித்தேரி மலைக்குப் பஸ்ஸில் ஏறிப்போய்த் தேனும் சாமையும் வாங்குகிறவர்களின் தராசுகளைப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் எழுதினால் ஒரே மாதிரி இருக்கும். லேயாள் வந்த நாளுக்கு வருகிறேன்.

அப்போது நான் பணியில் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஆபீஸ் வாசலில் பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்றையும் வெள்ளைக் கேன் ஒன்றையும் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமம். இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருக்கிறார்.

"இந்த எண்ணெய அளந்து எழுத்துல குடுக்கணுமுங்க மேடம்."

"யார் மேல புகார்?"

"யாரு மேலயும் இல்லீங்க. என் மேலதானுங்க."

அவரை உட்காரவைத்துக் கேட்டேன். பெயர் லேயாள். சொந்தத்தில் கொஞ்சம் கடலைக்காடு. தங்கை ராகேலுக்குச் சேலத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, பிழைத்து வந்தால் அறுவடைப் பண்டிகைக்கு ஒரு பத் எண்ணெய் தருகிறேன் என்று சபைக்கு முன்னால் பொருத்தனை செய்திருக்கிறார்.

"பத்துன்னா? பத்து லிட்டரா?"

"இல்லீங்க. பத். எபிரேயருங்க அந்தக் காலத்துல எண்ணெய், திராட்சரசமெல்லாம் அளந்த அளவுங்க. அந்த வாரம் பாஸ்டர் அதப் பத்திதான் பிரசங்கம் பண்ணினாரு. எனக்கு அந்த நேரத்துல அந்த வார்த்ததான் வாயில வந்துச்சு."

தங்கை பிழைத்தார். லேயாள் வீட்டில் இருந்த வேதப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் ஒரு பத் என்பது இருபத்திரண்டு லிட்டர் என்று போட்டிருந்தது. தன் காட்டுக் கடலையை மில்லில் ஆட்டி எண்ணெயைச் சபையில் கொண்டுபோய் வைத்தார். சபைச் செயலர் தானியேல் சார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவரிடம் இருந்த பழைய புத்தகத்தில் ஒரு பத் முப்பத்தொன்பது லிட்டர். ஆராதனை முடிந்து எல்லாரும் இருக்கும்போதே அவர் எழுந்து, "பொருத்தனைய பாதியாக் குறைச்சு வெச்சிருக்காங்க. கடவுள்கிட்ட சொன்னா சொன்னபடி குடுக்கணும்" என்று சொல்லி எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"மீதிய ஊத்திக் குடுத்துடலாமே லேயாள்?" என்றேன்.

"குடுத்துடுவனுங்க. வூட்டுல இன்னும் கடல இருக்குது. ஆனா குடுத்தா நான் திருடுனது நெசம்னு ஆயிடுமில்லீங்க?" தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அதுகூடப் போகட்டுமுங்க. தங்கச்சி சோறு திங்க மாட்டேங்கறா. பொருத்தனை கொறஞ்சு போச்சு, நோவு திரும்பி வந்துரும்னு படுத்துக்கிட்டா. மாத்திரையும் போடறதில்ல. நாலு நாளாச்சு."

நான் உள்ளே போய் ஜாபர் சாரிடம் சொன்னேன். இது நம் வேலையே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் வெளியே வந்து டின்னையும் கேனையும் பார்த்தார். லேயாளிடம், "பத் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதும்மா. இதுல எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு அளந்து சொல்ல முடியும். அது போதுமா?" என்று கேட்டார்.

"மொதல்ல அதச் சொல்லுங்க சார்" என்றார் லேயாள்.

எண்ணெயை அளப்பது நீரை அளப்பது போல இல்லை. அளவையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் அதே எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி அளவையை முழுக்க நனைத்து, கவிழ்த்துப் பிடித்து வடியவிட வேண்டும். வடிந்ததையும் டின்னில் சேர்த்துவிட வேண்டும். பிறகுதான் அளவு. பத்து லிட்டர் ஒப்பு அளவையை எடுத்துச் சமதளத்தில் வைத்து, நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஜாபர் சார் பார்த்தார். எண்ணெயில் வெப்பமானியை விட்டு முப்பது டிகிரி என்று எழுதச் சொன்னார். நான் மெல்ல ஊற்றினேன். நுரை அடங்கும்வரை காத்திருந்து, அளவையின் வாயின்மேல் கண்ணாடித் தட்டை நகர்த்தி மூடி, அடியில் காற்றுக்குமிழி இல்லை என்று பார்த்த பிறகு ஒரு கோடு. காலி செய்ததும் இரண்டு நிமிஷம் வடியவிட்டு, மறுபடி பத்து லிட்டர். இரண்டாவது கோடு. அடுத்து இரண்டு லிட்டர் அளவை, இரண்டு தடவை. மிச்சத்தைக் கண்ணாடி உருளையில் ஊற்றினோம். நூறு மில்லி.

நான் கூட்டிப் பார்த்தேன். இருபத்திநாலு லிட்டர் நூறு மில்லி.

"இருபத்திரண்டுதானேம்மா சொன்னீங்க?" என்றார் ஜாபர் சார்.

லேயாள் பயந்துபோனார். "மில்லுல இருபத்திரண்டு ஊத்துங்கன்னுதானுங்க சொன்னேன்."

எனக்கு உடனே புரிந்தது. டின்னும் கேனும் நிரம்பியிருந்தபோதே எடை போட்டுவைத்திருந்தோம். காலி டின்னையும் கேனையும் எடை போட்டுக் கழித்துப் பார்த்தேன். சரியாக இருபத்திரண்டு கிலோ. மில்காரர் வழக்கம்போலக் கிலோவில் ஊற்றியிருக்கிறார். எண்ணெய் நீரைவிட லேசு. ஒரு கிலோ எண்ணெய் ஒரு லிட்டரைத் தாண்டும். லேயாளுக்குத் தெரியாமலே இரண்டு லிட்டருக்கு மேல் கூடப் போயிருந்தது.

ஆனால் இருபத்திநாலு எங்கே, முப்பத்தொன்பது எங்கே. ஜாபர் சார் தானியேல் சாருக்குத் தானே போன் செய்தார். "உங்க அட்டவணை எதோட ஒப்பிட்டதுன்னு தெரிஞ்சுக்கணும் சார். புத்தகத்தோட வர முடியுங்களா?"

மறுநாள் தானியேல் சார் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் நோட்டுப் புத்தகம், பென்சில் எல்லாம் எடுத்து அழகாக மேசைமேல் அடுக்கினார். "நான் யாரையும் அவமானப்படுத்தணும்னு சொல்லலீங்க. சபையில வாக்குக் குடுக்கறதும் மறக்கறதும் சாதாரணமாப் போச்சு. ஒருத்தராவது கேக்கணுமில்ல?" என்றார்.

பிறகு அவரே அந்த அளவுகளை எங்களுக்கு விளக்கினார். எல்லாவற்றிலும் சின்னது லோக். பன்னிரண்டு லோக் ஒரு ஹின். ஆறு ஹின் ஒரு பத். பத்து பத் ஒரு கோர். ஆக ஒரு பத் என்பது எழுபத்திரண்டு லோக். அந்த அடுக்கு எனக்குப் பிடித்திருந்தது. எங்கும் பின்னம் இல்லை.

"இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சரி. அடியில இருக்கற லோக் எவ்வளவு சார்?" என்று கேட்டார் ஜாபர் சார்.

அங்கேதான் சிக்கல். பழைய பானைகள் உடைந்து கிடைத்திருக்கின்றன. உடைந்த துண்டுகளை ஒட்டிவைத்து அளந்தவர்கள் இருபத்தொன்று, இருபத்திரண்டு லிட்டர் என்கிறார்கள். பிற்காலத்துக் கிரேக்க அளவோடு சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள் முப்பத்தொன்பது என்கிறார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஹின்னைப் "படி" என்று போட்டுவிட்டார்கள். படியோ ஊருக்கு ஊர் வேறு. இதையெல்லாம் தானியேல் சார் மறைக்காமல் சொன்னார். பிறகு புத்தகத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பைக் காட்டினார். "ஒரு லோக்குங்கறது ஆறு கோழி முட்டை கொள்ளளவுன்னு யூத ரபிமாருங்க கணக்கு ஒண்ணு இருக்குது."

ஜாபர் சார் என்னைப் பார்த்தார். "சாந்திம்மா, முட்டை வாங்கியாரச் சொல்லுங்க. பண்ணை முட்டை ஆறு, நாட்டுக்கோழி முட்டை ஆறு."

எங்கள் ஆபீஸில் அன்றுதான் முதலும் கடைசியுமாக முட்டைக்குக் கொள்ளளவு பார்த்தோம். அகலமான கண்ணாடி உருளையில் அரை லிட்டர் நீர். ஒவ்வொரு முட்டையாகக் கரண்டியில் வைத்துச் சிந்தாமல் இறக்கினேன். நீர் எவ்வளவு ஏறியது என்று ஜாபர் சார் குனிந்து படித்தார். தானியேல் சாரும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் முட்டி மடக்கிக் குனிந்தார். பண்ணை முட்டை ஆறும் சேர்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லி. எழுபத்திரண்டால் பெருக்கினால் இருபத்திரண்டரை லிட்டர். நாட்டுக்கோழி முட்டை ஆறும் இருநூற்று நாற்பது. அதன்படி பதினேழு லிட்டர் சொச்சம்.

தானியேல் சார் தன் நோட்டில் வேறொரு வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது லிட்டர் வரவேண்டுமென்றால் ஒரு முட்டை தொண்ணூறு மில்லி இருக்க வேண்டும்.

ஜாபர் சார் அதை எட்டிப் பார்த்தார். "அந்த முட்டை போட்ட கோழிய நான் பாக்கணும் சார்."

தானியேல் சார் சிரித்துவிட்டார். நான் நினைத்தேன், முடிந்தது, லேயாள் ஜெயித்தாயிற்று என்று. உடனே உட்கார்ந்து சான்று எழுத ஆரம்பித்தேன். "ஒரு பத் அளவு நிறைவாக உள்ளது" என்று எழுதி ஜாபர் சாரிடம் நீட்டினேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எதோட ஒப்பிட்டீங்க?"

"முட்டையோட சார்."

"கோழி முத்திரை குத்திப் போடலியேம்மா. அந்த ஊர்க் கோழி, அந்தக் காலத்துக் கோழி எப்படி இருந்துச்சோ. மூல அளவை நம்ம கையில இல்ல. குறைவுன்னு சொல்ல எப்படி நமக்கு அதிகாரம் இல்லையோ, அதே மாதிரி நிறைவுன்னு சொல்லவும் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை எழுதினால் ஒரு பெண் எழுந்து சாப்பிடுவாள். அதற்குக்கூடவா சட்டம்? கேட்டும்விட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "பொய் எழுதிக் குடுத்தா இன்னிக்கு அந்தப் பொண்ணு சாப்பிடும். அடுத்த வருஷம் எவனாவது நாப்பது லிட்டர்னு இன்னொரு புத்தகத்தைக் கொண்டாருவான். அப்ப நம்ம பேப்பர் கிழியும். உண்மைய எழுதுங்க. அது கிழியாது."

கடைசியில் இப்படி எழுதினோம்: கொண்டுவந்த கடலை எண்ணெய் முப்பது டிகிரியில் இருபத்திநாலு லிட்டர் நூறு மில்லி. எடை இருபத்திரண்டு கிலோ. பத் என்னும் அளவுக்கு மூல அளவை இன்று எங்கும் இல்லை. எனவே இந்த எண்ணெய் குறைவு என்று கூற அளவியல்படி யாருக்கும் ஆதாரம் இல்லை.

தானியேல் சார் அதை இரண்டு முறை படித்தார். "குறைவுன்னு நான் சபையில சொன்னேன். திருப்பி எடுக்கறதும் அங்கதான்" என்று சொல்லிக் காகிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு போனார். ஞாயிறுவரை காத்திருக்கவில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்திலேயே எழுந்து நின்று, சான்றைப் படித்து, லேயாளிடம் மன்னிப்புக் கேட்டாராம். எண்ணெய் மறுபடி சபைக்குள் போயிற்று.

வியாழன் காலை லேயாள் போன் செய்தார். "தங்கச்சி இன்னமும் எந்திரிக்கலீங்க மேடம். வாத்தியார் எரக்கப்பட்டு சொல்றாருங்கறா. அளந்தவங்க வந்து சொல்லட்டுங்கறா."

ஜாபர் சாரிடம் அரைநாள் விடுப்புக் கேட்டேன். "அளந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார்.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஓட்டு வீடு. உள்ளே கயிற்றுக்கட்டிலில் ராகேல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். உதடு வெடித்திருந்தது. ஜன்னல் மேடையில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. நான் வந்தது தெரிந்ததும் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

நான் காகிதத்தைப் படித்தேன். முழுக்கக் கேட்டாள்.

"கொறைன்னு சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லைங்கறீங்க."

"ஆமா."

"அப்ப நெறைன்னு சொல்லவும் இல்லீங்களே."

இரண்டு நாளாக நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதையே கேட்டுவிட்டாள். லேயாள் வாசற்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். இருக்கிறது, நிறைவுதான் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. இவள் வாத்தியாரையே நம்பாதவள். நான் இரக்கப்பட்டுச் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"இல்லம்மா. ஒரு பத் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. வாத்தியாருக்கும் தெரியாது. அந்த அளவை வெச்சிருந்த சனமெல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். உங்க அக்காவுக்கு ஒரு பத்னா இருபத்திரண்டு லிட்டர். அந்தப் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு. அவங்க மனசுல வாக்குக் குடுத்தது அந்த இருபத்திரண்டைத்தான். சபையில வெச்சது இருபத்திநாலு லிட்டர் நூறு மில்லி. நானே என் கையால அளந்தேன். மில்லுல கிலோவுல ஊத்திட்டாங்க. கூடப் போனது உங்க அக்காவுக்கே தெரியாது."

ராகேல் வாசற்படியைப் பார்த்தாள். "தெரியாதா உனக்கு?"

"இந்த மேடம் அளக்கற வரைக்கும் தெரியாது புள்ள" என்றார் லேயாள்.

"தெரிஞ்சிருந்தா ரெண்டு லிட்டர எடுத்து வூட்டுக்கு வெச்சிருப்ப."

"வெச்சிருப்பேன்தான். பின்ன?"

ராகேல் அக்காவையே பார்த்தாள். அப்புறம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலியோடு, சத்தமில்லாமல் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "களி கெளறினியா?" என்று கேட்டாள்.

லேயாள் அடுப்படிக்கு ஓடினார்.